செம்மண் நாட்டில் ஒரு மறைபணியாளன்

மறைபணியாளர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் மனக்கண்முன் ஓர் உருவம் தோன்றுவது வழக்கம். கடல் கடந்து வந்த மேலைநாட்டவர்; வெயிலில் கன்றிச் சிவந்த முகம்; நெஞ்சளவு தொங்கும் தாடி; தட்டுத் தடுமாறித் தமிழ் பேசத் தொடங்கி, பின்னர் நம்மவரே வியக்கும் வண்ணம் அகராதியும் இலக்கணமும் எழுதி வைத்தவர். அந்த உருவம் வெறும் கற்பனையன்று. 1540களில் எங்கள் குமரிக் கடற்கரை மணலில் நடந்து திரிந்த சவேரியார், இன்று ஸ்பெயின் நாட்டின் பகுதியாயுள்ள நவார் என்னும் நாட்டிற் பிறந்தவர். 1578ஆம் ஆண்டில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கல் நாட்டவர். சதுரகராதி தந்த வீரமாமுனிவரோ இத்தாலியர்.

ஆனால் ஆறு இப்போது எதிர்த் திசையிலும் ஓடுகின்றது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் நூற்றுக்கணக்கான இளைஞரும் கன்னியரும் ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்குமே மறைபணிக்குச் சென்றுகொண்டிருக்கின்றனர். அவர்களுள் நானும் ஒருவன். 2009ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், எனது இருபத்தேழாம் வயதில், தென்னமெரிக்காவின் நடுவே கடற்கரையே இல்லாமல் அமைந்திருக்கும் பராகுவே நாட்டிற்குச் சென்றேன். 2014ஆம் ஆண்டின் இறுதி வரை அங்கிருந்தேன். கடல் ஓசையைக் கேட்டே உறங்கி விழித்த ஒருவன் கடலே இல்லாத நாட்டில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் எவ்வாறு நாட்களைக் கழித்தான் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

நான் அனுப்பப்பட்ட இடம் மிசியோனெஸ் என்ற மாநிலத்தில் ஒரு சிற்றூர். தலைநகரான அசுன்சியோனிலிருந்து தெற்கே 200 கிலோமீட்டருக்கு மேல். பெயரே மறைபணித் தலங்கள் என்று பொருள்படுவது. மண் குருதி போலச் சிவப்பு. வெயிற் காலத்தில் அது தூசியாகப் பறந்து உடையிலும் தலைமயிரிலும் ஏறும். மழைக் காலத்திலோ குழைந்து காலைப் பற்றிக்கொண்டு விடாது. எங்கள் பங்கு ஊரைச் சுற்றி இருபத்திரண்டு குக்கிராமங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கோயில். இவ்வளவிற்கும் குருக்கள் இருவரே. "அங்கேதான் எல்லாரும் கிறித்தவராயிற்றே, நீர் போய் என்ன செய்யப் போகிறீர்?" என்று புறப்படுமுன் நண்பர்கள் பலர் என்னைக் கேட்டனர். அதற்கு இந்தக் கணக்கே விடை. யாரையும் ஒரு சமயத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுவதற்கு நான் செல்லவில்லை. பிறப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் உடன் நிற்க ஆளில்லாத ஊர்களுக்கு ஓர் ஆளாகச் சென்றேன்.

முதல் வேலை மொழி கற்பது. ஸ்பானிய மொழி தமிழனுக்கு மிகக் கடினமானது என்று நான் நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், பாதி வீட்டுச் சாமான் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது! மேசைக்கு அவர்கள் 'மேசா' என்றனர். அலமாரி 'அர்மாரியோ'. கோப்பை 'கோப்பா'. வாத்து 'பாத்தோ'. பொத்தான் 'பொத்தோன்'. சப்பாத்து 'சப்பாத்தோ'. போர்த்துக்கேயர் நம் கடற்கரையில் விட்டுச் சென்ற சொற்கள் இவை. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகளாதலால், நான்கு நூற்றாண்டுகளாக நம் வீட்டில் புழங்கிய சொற்களே அந்த நாட்டில் என்னை எதிர்கொண்டு அழைத்தன.

ஒலியிலும் தமிழ் எனக்குக் கை கொடுத்தது. ஸ்பானியத்தில் 'பெரோ' என்று இடையின ரகரம் இட்டுச் சொன்னால் 'ஆனால்' என்று பொருள். அதையே வல்லோசையுடன், நா அதிர, 'பெற்றோ' என்பதற்கும் 'பெறோ' என்பதற்கும் இடைப்பட்ட ஒலியில் சொன்னால் நாய். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் இந்த வேறுபாட்டிற்குத் திங்கள் கணக்கில் பாடுபடுவர். ரகரத்தையும் றகரத்தையும் இன்றும் பிரித்து ஒலிக்கும் குமரி மாவட்டத்துக்காரனுக்கு அது ஒரு நாள் வேலையாயிற்று. ஞகரத்திற்கும் அவ்வாறே. ஸ்பானியர் நகரத்தின் தலையில் ஒரு சுழி இட்டுக் காட்டும் எழுத்து நம் ஞகரமேயன்றி வேறன்று. இடர் தந்தது பால் பகுப்பு. நமக்கு அஃறிணைப் பொருள்கள் ஒன்றாயினும் பலவாயினும் 'அது', 'அவை' என்பதோடு தீர்ந்தன. அவர்களுக்கோ மேசை பெண்பால், அலமாரி ஆண்பால்; வீடு பெண்பால், கூரை ஆண்பால். தொல்காப்பியர் கண்ட திணைப் பகுப்பு எவ்வளவு அறிவுக்கு ஒத்தது என்பதை அந்த வகுப்பறையில்தான் நான் முழுதும் உணர்ந்தேன்.

ஸ்பானியம் கற்றுவிட்டால் போதும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் கிராமத்திற்குள் கால் வைத்ததும் வேறொரு மொழி காதில் விழுந்தது. அதுதான் குவரானி. தென்னமெரிக்க நாடுகளுள் பராகுவேயின் தனிச் சிறப்பு இதுவே. அங்கே ஐரோப்பியர் குருதிக் கலப்புள்ள மக்களும், தங்களைப் பழங்குடியினர் என்று கருதாதவர்களும் கூட, பழங்குடி மொழியையே வீட்டில் பேசுகின்றனர். 1992ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் ஸ்பானியத்தோடு குவரானியையும் ஆட்சி மொழியாக்கியது. அலுவலகத்தில் ஸ்பானியம், அடுப்பங்கரையில் குவரானி. விலை பேசுவது ஸ்பானியத்தில் தொடங்கலாம். ஆனால் சிரிப்பதும் சினப்பதும் அழுவதும் குவரானியிலேதான். ஸ்பானியம் மட்டும் அறிந்த குருவின் முன் மக்கள் மரியாதையோடு அமர்ந்திருப்பர். மனம் திறக்க மாட்டார்கள்.

அந்தக் குவரானியில் ஒரு சிறு சொல் என்னை வியப்பில் ஆழ்த்தியது. நம் தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொற்கள் உண்டல்லவா? கேட்பவரையும் உட்படுத்தினால் நாம், விலக்கினால் நாங்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. ஸ்பானியத்திலும் இல்லை. ஆனால் குவரானியில் உண்டு. 'ஞந்தே' என்றால் நாம். 'ஒரே' என்றால் நாங்கள். இரு மொழிகளும் உறவுடையன என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய உறவு எதுவும் இல்லை. எனினும் மாந்தர் கூட்டத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஒரு சொல்லாலேயே காட்ட வேண்டும் என்று இரு மக்கட் கூட்டத்தாரும் நினைத்திருக்கின்றனர். செபத்திலும் இதே நுட்பம். இறைவனை நோக்கி விளிக்கும்போது, தமிழ்க் கிறித்தவர் 'எங்கள்' என்பர். குவரானியர் 'ஒரே' என்பர். இறைவனைப் பற்றித் தமக்குள் பேசும்போது நாம் 'நம் ஆண்டவர்' என்கிறோம். அவர்கள் 'ஞந்தேயாரா' என்பர். நம் எல்லாருக்கும் உடையவர் என்பது அதன் பொருள்.

இதை அறிந்த நாள் முதல் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. மக்கள் என் முன்னிலையில் 'ஞந்தே' என்கிறார்களா, 'ஒரே' என்கிறார்களா என்று செவி கூர்ந்து கேட்பது. "நாங்கள் இப்படித்தான் செய்வோம், பாஇ," என்பார்கள். குருவை அவர்கள் 'பாஇ' என்று அழைப்பார்கள். அன்பான பேச்சுத்தான்; ஆனால் 'நாங்கள்' என்ற சொல் வாசற்படியைப் போல எனக்கும் அவர்களுக்கும் இடையே கிடந்தது.

இனி, ஒரு நாளின் நடப்பைச் சொல்கின்றேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஊர் எழுந்துவிடும். அடுப்பில் நீர் கொதிக்கும். யெர்பா என்ற மரத்தின் உலர்ந்த இலைத் தூளைக் குவளையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்பர். அது மாத்தே. வெயில் ஏறியதும் அதே இலையைக் குளிர்ந்த நீரில் இட்டுக் குடிப்பர். அது தெரெரே. மாட்டுக் கொம்பாலோ மரத்தாலோ செய்த குவளை அதற்கு. வேர்களையும் பச்சிலைகளையும் சிறு உரலில் இடித்து அந்த நீரில் சேர்ப்பர். தலைவலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சூட்டிற்கு ஒன்று. நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியைத் திறப்பது போன்றதே. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இந்த வழக்கத்தை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

தெரெரே குடிக்கும் முறைதான் கவனிக்கத் தக்கது. வட்டமாக அமர்வர். ஒருவர் மட்டுமே நீர் வார்ப்பார். ஒரே குவளை, ஒரே குழல். அவர் நிரப்பிக் கொடுப்பதை ஒருவர் குடித்து முடித்துத் திருப்பித் தருவார். மீண்டும் நிரப்பி அடுத்தவருக்குத் தருவார். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் 'கிராசியாஸ்', அதாவது 'நன்றி', என்று சொன்னால், 'எனக்குப் போதும்' என்று பொருள். அதன் பின் குவளை உங்களிடம் வராது. ஆகவே குடிக்க விரும்புகிறவர் நன்றி சொல்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்வது உறவுக்கு ஒவ்வாதது என்று அவர்கள் கருதுகின்றனர் போலும்.

நேயர்களே, நீங்களும் நானும் எப்படி வளர்ந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும்படி பழக்கப்பட்டவர்கள். எச்சில் என்ற ஒரு சொல் நமக்குள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது! பத்துப் பேர் உறிஞ்சிய குழல் என் கைக்கு வந்தபோது என் உடம்பு தயங்கியது. ஆயினும் வாங்கிக் குடித்தேன். குடித்த பின் ஓர் எண்ணம் எழுந்தது. தேநீர்க் கடையில் இவருக்கு ஒரு குவளை, அவருக்கு வேறு குவளை என்று பிரித்து வைத்த ஊர்கள் நம் நாட்டில் உண்டு. அங்கே பிரித்தது தூய்மை பற்றிய கவலையன்று. மனிதனைப் பற்றிய மதிப்பீடு. பண்ணையாருக்கும் கூலியாளுக்கும் பாதிரிக்கும் ஒரே குழல் என்ற வட்டத்தில் அமர்ந்தபோது, நான் போதிக்கச் சென்ற பாடத்தை எனக்கு யாரோ சொல்லாமலே கற்பித்ததாக உணர்ந்தேன். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது குழலைப் பகிர வேண்டாம் என்று அந்நாட்டு அரசு அறிவுறுத்தியது. அது நோயை முன்னிட்டு, தேவையானதே. ஆனால் அந்த அறிவுரை அவர்களுக்கு எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்பதை நான் இங்கிருந்தே அறிவேன்.

காலைத் திருப்பலி முடிந்ததும் விசைவண்டியில் ஏதேனும் ஒரு குக்கிராமத்திற்குப் புறப்படுவேன். நோயாளிகளைப் பார்ப்பது, ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் பெண்களோடு பேசுவது, பள்ளிக்குச் செல்வது. நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். ஏனெனில் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஊரே உறங்கும். கோடையில் நாற்பது பாகை வரை வெயில் காயும் நாட்டில் அது சோம்பலன்று, அறிவுடைமை. அந்நேரத்தில் உறங்காமல் வெளியே திரியும் குழந்தைகளை 'யசி யத்தெரே' என்ற பொன்னிற மயிருள்ள குறும்பன் பிடித்துப் போய்விடுவான் என்று தாய்மார் சொல்வர். நம் பூச்சாண்டிக்கு ஒரு தம்பி தென்னமெரிக்காவில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றிச் சொல்லாவிட்டால் குமரி மாவட்டத்தார் என்னை மன்னிக்க மாட்டார்கள். நாங்கள் மரச்சீனி என்றும், சேலத்தார் மரவள்ளி என்றும் சொல்லும் கிழங்கின் பிறப்பிடம் தென்னமெரிக்காவே. அங்கே அதற்கு 'மந்தியோ' என்று பெயர். நமக்குச் சோறு எப்படியோ, அவர்களுக்கு அவித்த மந்தியோ அப்படி. எந்த வேளை உணவிலும் அது தட்டில் இருக்கும். அதன் மாவோடு பாலாடைக் கட்டி சேர்த்துக் களிமண் அடுப்பில் சுட்ட 'சிப்பா' என்ற அப்பம் பெரிய வாரத்தில் வீடுதோறும் மணக்கும். 'பராகுவே சூப்பு' என்று ஒன்று உண்டு. கரண்டியோடு காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள். அது சோளமாவில் செய்த கெட்டியான அடை! மிளகாய் பிறந்த கண்டத்தில் இருந்துகொண்டு இவர்கள் ஏன் மிளகாயை நாடுவதில்லை என்பதுதான் ஆறு ஆண்டுகளும் எனக்கு விளங்காத புதிர். அன்னாசி என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லும் குவரானியோடு உறவுடைய துப்பி மொழியிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்ததே. நம் தோட்டத்திலும் நம் நாவிலும் அந்த மக்களின் கொடை ஏற்கெனவே இருக்கின்றது. நாம்தான் கொடுத்தவரை மறந்துவிட்டோம்.

வேறு சிலவும் என்னை ஊர் நினைவில் ஆழ்த்தின. குழந்தைகள் பாட்டன் பாட்டியைக் காணும்போது, மார்புக்கு நேரே இரு கைகளையும் குவித்து ஆசி கேட்பர். கைகூப்புவது நமக்கே உரியது என்று நான் எண்ணியிருந்தேன். ஜூன் 24ஆம் நாள் புனித அருளப்பர் விழா. அன்று இரவு தணல் பரப்பி, அதன்மீது வெறுங்காலோடு நடப்பர். சோப்புத் தடவிய வழுக்குமரம் நட்டு, உச்சியிலுள்ள பரிசுக்காக இளைஞர் ஏறிச் சறுக்கி விழுவர். தீமிதியும் வழுக்குமரமும் அறிந்த என்னிடம், "இவற்றைக் கண்டு அஞ்சாதீர்கள், பாஇ," என்று அவர்கள் சொன்னபோது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த மண்ணின் வரலாற்றையும் சிறிது அறிய வேண்டும். 1609ஆம் ஆண்டில் இயேசு சபையார் அங்கே குவரானி மக்களுக்கெனத் தனி ஊர்களை அமைக்கத் தொடங்கினர். முதலாவது சான் இக்னாசியோ குவாசு. பின்னர் அவை முப்பது ஊர்களாகப் பெருகின. பிரேசிலிலிருந்து அடிமை வேட்டைக்கு வந்தோரிடமிருந்து மக்களைக் காக்க, அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா என்ற லீமா நகரத்துத் துறவி, 1631ஆம் ஆண்டில் ஏறக்குறைய 12,000 பேரைத் தெப்பங்களில் ஏற்றி ஆற்று வழியே தெற்கு நோக்கி அழைத்துச் சென்றார். 1639இல் குவரானிச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டவரும் அவரே. நம் வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முற்பட்டது அது. அவ்வூர்களில் குவரானிக் கைவினைஞர் செதுக்கிய மரச் சிற்பங்களை இன்றும் காணலாம். திரினிதாத் என்ற ஊரின் இடிபாடுகள் 1993இல் உலக மரபுச் சின்னமாயின.

ஆனால் அந்த வரலாற்றில் புகழ்ச்சி மட்டும் இல்லை. மக்கள் எப்போது எழுவது, எப்போது உழுவது, எப்போது உறங்குவது என்பதை மணியடித்து ஆண்டவர் வெளிநாட்டுக் குருக்கள். 1767ஆம் ஆண்டில் ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையாரை வெளியேற்ற ஆணையிட்டபோது, தலைமையை முழுதாக ஏற்று நடத்தும் உரிமை பெறாத மக்கள் சிதறிப் போயினர். அந்த இடிபாடுகளுக்கிடையே நின்றபோதெல்லாம் நான் எண்ணியது இதுதான். அன்பு செலுத்துவது வேறு, ஆள்வது வேறு. அன்பின் பெயரால் ஆள்கிறவன், தான் போன பின் ஒன்றும் நிலைக்காதபடி செய்துவிடுகிறான்.

இன்றைய பராகுவேயின் பெரிய துன்பம் பிரிவு. சிறு நிலங்களில் பிழைக்க இயலாமல் இளையோர் ஊரைவிட்டுப் போகின்றனர். குறிப்பாகப் பெண்கள் புவெனோஸ் அயிரெஸ் நகருக்கும் ஸ்பெயினுக்கும் வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். குழந்தைகளைப் பாட்டிமார் வளர்க்கின்றனர். 1864 முதல் 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே என்ற மூன்று நாடுகளோடு நடந்த கொடும் போரில் ஆண்மக்களிற் பெரும் பகுதியினர் மாண்டபோது, நாட்டை மீண்டும் நிமிர்த்தியவர்கள் பெண்களே. அந்தப் பாட்டிமாரின் பேத்திகள்தாம் இன்று பிற நாட்டு வீடுகளில் தரை துடைத்துப் பணம் அனுப்புகிறவர்கள். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஊரிலிருந்து சென்ற எனக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2012ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தகைய பாட்டி ஒருவர் இறந்துபோனார். மூன்று பேரப்பிள்ளைகளை வளர்த்து வந்தவர். மகள் புவெனோஸ் அயிரெஸில். இரண்டு நாளாக அடைமழை. அக்குக்கிராமத்திற்குச் செல்லும் வழியிலிருந்த ஓடையின் மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. விசைவண்டியை ஒரு வீட்டில் விட்டுவிட்டு, செம்மண் சேற்றில் பதினொரு கிலோமீட்டர் நடந்தேன். மாலையில் போய்ச் சேர்ந்தேன். மறுநாட் காலை, சவப்பெட்டியை ஆண்கள் தோளில் சுமந்து, இடுப்பளவு நீரில் ஓடையைக் கடந்து கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றனர். வெப்பமான அந்நாட்டில் அடக்கத்தைத் தள்ளிவைக்க இயலாது. மகள் மூன்றாம் நாள்தான் வந்தாள். தாயின் முகத்தை அவள் காணவில்லை. ஈரம் காயாத மண்மேட்டின் அருகே அவள் அமர்ந்திருந்த கோலத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

அந்நாட்டு வழக்கப்படி ஒன்பது நாள் செபம் நடந்தது. அதை நடத்துபவர் குருவல்லர். ஊரிலுள்ள ஒரு மூதாட்டி. நான் ஓர் ஓரத்தில் அமர்ந்து மற்றவர்களோடு விடை சொன்னேன். ஒன்பதாம் நாள் வந்தவர்க்கெல்லாம் உணவு. உணவு முடிந்ததும் பேச்சுப் பாலத்தைப் பற்றித் திரும்பியது. பல ஆண்டுகளாக விண்ணப்பம் கொடுத்தும் நடக்கவில்லை என்றார் ஒருவர். மற்றொருவர், "எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?" என்றார். அப்போது செபம் நடத்திய மூதாட்டி எழுந்து, "திங்கட்கிழமை நாம் எல்லாரும் நகராட்சிக்குப் போகிறோம்," என்று குவரானியில் சொன்னார். சொன்னபோது அவர் பார்வை என்மீது நின்றது. 'ஞந்தே' என்றுதான் சொன்னார்.

நான் நெடுநாளாகக் காத்திருந்த சொல் அது. ஆனால் அது வந்தபோது பாராட்டாக வரவில்லை, வேலையாக வந்தது. நாம் என்று ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், அவர் தோளிலும் சுமையின் ஒரு முனையை வைப்பதாகப் பொருள். திங்கட்கிழமை முப்பது பேர் சென்றோம். நான் பேசவில்லை, அந்த மகளே பேசினாள். பின்னும் மூன்று முறை செல்ல வேண்டியிருந்தது. முடிவில் நகராட்சி மரம் கொடுத்தது. ஊரார் 'மிங்கா' என்று வழங்கும் கூட்டு உழைப்பால், கூலி இன்றி, நான்கு சனிக்கிழமைகளில் பாலத்தைக் கட்டி முடித்தனர். நானும் ஆணி அறைந்தேன். என் ஆணிகளில் பாதியை அவர்கள் பின்னர் பிடுங்கி நேராக அறைந்ததாகக் கேள்வி.

நேயர்களே, மறைபணி என்பது எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இளமையில் எண்ணினேன். கொடுப்பதற்கு முன் வாங்கக் கற்க வேண்டும் என்பதை அந்த மக்கள் எனக்குக் காட்டினர். அவர்கள் மொழியை வாங்கினேன். அவர்கள் குவளையை வாங்கினேன். அவர்கள் துயரில் ஒரு பங்கையும் வாங்கினேன். அதன் பிறகே நான் சொன்ன சொல் அவர்கள் செவியில் ஏறியது. இது சமயப் பணிக்கு மட்டும் உரிய உண்மையன்று. மாற்றலாகி வேற்றூர் செல்லும் ஆசிரியருக்கும், கிராமத்திற்குப் போகும் மருத்துவருக்கும், நம் ஊருக்குப் பிழைக்க வரும் வடநாட்டுத் தொழிலாளியை எதிர்கொள்ளும் நமக்கும் இது பொருந்தும்.

ஆங்கிலத்திற்கும் ஸ்பானியத்திற்கும் வாய்க்காத ஒரு செல்வம் நம் மொழியில் இருக்கின்றது. 'நாங்கள்' என்று சொல்லிக் கதவைச் சாத்தவும் இயலும். 'நாம்' என்று சொல்லித் திறக்கவும் இயலும். ஒரு நாளில் எத்தனை முறை, யாரிடம், எந்தச் சொல்லைச் சொல்கின்றோம் என்பதைச் சிறிது செவி கூர்ந்து கேட்போமாக.